தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர்

செப்டம்பர் 8, ஞாயிறு
வீட்டு வண்டி: 61,204 கி.மீ.

இன்று முதல் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். என்னைச் சுற்றி ஏதோ நடக்கிறது. நாளைக்கு எவனாவது "அப்படியெல்லாம் இல்லீங்ணா" என்று பல்லைக் காட்டினால், எடுத்து முகத்துக்கு நேரே நீட்ட எழுத்தில் இருக்க வேண்டும்.

முதல் விஷயம், விளக்கு. ஜூலையில் நடந்த இரவுப் போட்டியில் என் ராலி வண்டியின் ஹெட்லைட் அகல்விளக்கு மாதிரி எரிந்தது. மெக்கானிக் ஆரோக்கியத்திடம் புது பல்பு மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டேன் என்றான். நேற்று இரவு சின்னவேடம்பட்டி வரை ஓட்டிப் பார்த்தேன், அதே அழுதுவடியும் வெளிச்சம். இன்று காலை கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். "நூறு வாட்டுங்ணா. எதிர்ல வர்றவன் கண்ணு அவிஞ்சு போயிருமுங்ணா" என்கிறான். பதினாறு வருஷமாக என் வண்டியைப் பார்க்கிறவன், எதற்குப் பழைய பல்பைத் துடைத்து மாட்ட வேண்டும்? எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது?

இரண்டாவது, ஸ்டூல். வாசலில் செருப்பு மாட்ட உட்காரும் ஸ்டூல். இருபது வருஷமாக ஒரே இடத்தில் கிடந்ததை இப்போது யாரோ நகர்த்துகிறார்கள். இந்த மாதத்தில் இரண்டு தரம் முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். கேட்டால், "அது இருந்த எடத்துலதாங்க இருக்குது" என்கிறாள் என் வீட்டுக்காரி சாந்தாமணி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாள்.

நல்ல சேதி ஒன்று உண்டு. கிளப்பிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அக்டோபர் 12, சனிக்கிழமை இரவு, சுல்தான்பேட்டைக்கு அந்தப்பக்கம் காற்றாலைக் காட்டில் ராலி. மண்பாதை, பதினொரு கிலோமீட்டர், மூன்று சுற்று. வழக்கம்போல நான் ஓட்ட, சாந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வாள். ஐம்பத்திரண்டு வயதுக்காரன் பட்டறையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடக்கக் கூடாதா என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு ஒரு கோப்பையைக் காட்ட வேண்டும். இந்த வருஷம் விட்டால் இனி இல்லை என்று மனசில் படுகிறது. ஏன் அப்படிப் படுகிறது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி
வீட்டு வண்டி: 61,314

புதன் இரவு 61,222. இன்று காலை 61,314. நடுவில் தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர்.

நேற்று வியாழன். வியாழக்கிழமைதோறும் பட்டறையில் செய்த பம்ப்செட் கப்ளிங்குகளை ஏற்றிக்கொண்டு திருப்பூர் போவேன். முன்பெல்லாம் நானே ஓட்டிக்கொண்டு போவது. இப்போது டெம்போவில்தான். திரும்பி வர இருட்டிவிடுகிறது, எதிரில் வருகிற ஒருத்தனுக்கும் டிம் அடிக்கத் தெரியவில்லை. வண்டியை வீட்டில் விட்டுத்தான் போனேன். சாந்தாமணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்படியானால் ஓட்டியது யார்?

நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள்.

செப்டம்பர் 20, வெள்ளி
வீட்டு வண்டி: 61,463

மறுபடியும். புதன் 61,371, இன்று 61,463. அதே தொண்ணூற்றிரண்டு.

போக நாற்பத்தாறு, வர நாற்பத்தாறு. மேப்பை விரித்து அளந்தேன். நாங்கள் குடியிருக்கும் கணபதியிலிருந்து நாற்பத்தாறு கிலோமீட்டரில் பொள்ளாச்சி.

பொள்ளாச்சியில் யார் இருக்கிறான்? நவநீதன் இருக்கிறான். முப்பத்து நாலு வயது, போன வருஷ ராலியில் எங்கள் வண்டி வகுப்பில் முதலிடம். பரிசு கொடுத்த அன்று மேடைக்குப் பக்கத்திலேயே சாந்தாமணியிடம், "அக்கா, நீங்க எங்க வண்டிக்கு வந்துருங்க. உங்களாட்ட நோட்டுப் படிக்க இந்த ஜில்லாவுல ஆளில்லீங்க்கா" என்று இளித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அவன் சொன்னது பொய்யில்லை. ராலியில் ஓட்டுபவன் பாதி, நோட்டுப் படிப்பவர் பாதி. முதல் நாள் பகலில் பாதையை இரண்டு தரம் சுற்றிக்காட்டுவார்கள். அப்போது ஒவ்வொரு வளைவையும் அவள் எண் போட்டு எழுதுவாள். ஒன்று என்றால் திரும்பி முதுகைப் பார்க்கிற வளைவு, ஆறு என்றால் மிதித்த காலை எடுக்க வேண்டாம். நடுவில் வரும் நூறு, இருநூறு எல்லாம் மீட்டர். இரவில் அதைப் பார்த்து அவள் சொல்லச் சொல்ல நான் திருப்புவேன். ஹெல்மெட் போட்ட பிறகு எங்களுக்குள் மரியாதையும் கிடையாது, சண்டையும் கிடையாது. "இடது நாலு, நூறு, வலது ரெண்டு, பிரேக்." அவ்வளவுதான். பதினேழு ராலியில் அவள் ஒரு வளைவைத் தப்பாகச் சொன்னதில்லை.

அவள் இல்லாமல் நான் என்ன செய்வேன்?

செப்டம்பர் 23, திங்கள்

போட்டி லைசென்ஸுக்கு டாக்டர் சர்டிபிகேட். எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை கடகடவென்று படித்தேன். அவரே அசந்துவிட்டார். வெளியே வரும்போது கம்பவுண்டர் என் இடப்பக்கம் நின்றுகொண்டு கை கொடுத்தாராம், நான் கவனிக்காமல் வந்துவிட்டேனாம். சாந்தாமணி அதை ஒரு பெரிய விஷயமாக வழியெல்லாம் சொன்னாள். என் தாய்மாமன் கதையை எடுக்கப் பார்த்தாள். அவருக்கு மாலைக்கண். அது அம்மா வழிப் பெருந்துறைக்காரர்கள் சமாச்சாரம், எனக்கென்ன?

செப்டம்பர் 27, வெள்ளி
வீட்டு வண்டி: 61,602

இந்தத் தடவை தொண்ணூற்றொன்று. குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஓட்டியது யார் என்று தெரிந்துவிட்டது. டிரைவர் சீட்டை முன்னால் தள்ளிப் போட்டிருந்தது. ஆரோக்கியம் குட்டையன். அவனைப் பட்டறைக்குக் கூப்பிட்டு, "நேத்துச் சாயங்காலம் எங்கடா போனே?" என்றேன்.

"வீட்லதானுங்ணா இருந்தேன்."

"என்ர முகத்தப் பாத்துச் சொல்லு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பார்த்த பார்வையில் திருட்டு இல்லை, என்னவோ பாவப்படுகிற மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "அக்காகிட்டக் கேளுங்ணா" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டான்.

பல்பை மாற்றுகிறவனும் அவன், என் வீட்டுக்காரியைப் பொள்ளாச்சிக்குக் கூட்டிப் போகிறவனும் அவன். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அக்டோபர் 7, திங்கள். ஆயுத பூஜை

ராலி வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. பொரித் தட்டை எவனோ காலடியில் வைத்துத் தொலைத்தான், பட்டறை முழுக்கப் பொரி. எல்லோரும் பேசாமல் குனிந்து கூட்டினார்கள். ஒருத்தராவது சிரித்திருக்கலாம்.

நவநீதன் போன் செய்து பூஜை வாழ்த்துச் சொன்னான். என்னிடம் ஒரு நிமிஷம், சாந்தாமணியிடம் நாலு நிமிஷம்.

வாசல் ஸ்டூலைக் காணவில்லை. கேட்டால் மழுப்புகிறாள்.

அக்டோபர் 11, வெள்ளி

பகலில் பாதை சுற்றிப் பார்த்தோம். அருமையான பாதை. வெயிலில் ஒவ்வொரு கல்லும் தெரிகிறது. சாந்தாமணி வழக்கமான நீல நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். வளைவு மட்டுமல்ல, கல், கம்பம், வேலி எல்லாவற்றையும் எழுதினாள். "எதுக்கு இத்தனை?" என்றேன். "இருக்கட்டுங்க" என்றாள்.

அவள் பையில் இன்னொரு நோட்டு இருக்கிறது. பச்சை. நான் பார்த்ததும் ஜிப்பை இழுத்து மூடினாள். மடியில் கனமில்லை என்றால் ஜிப் எதற்கு? இதில் எழுதுவதை அதில் நகல் எடுத்து நவநீதனுக்குக் கொடுக்கப் போகிறாள். இன்று இரவு கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். கேட்டு அவள் ஆமாம் என்றால் நாளைக்கு என் பக்கத்தில் யார் உட்காருவது? கேட்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

வகுப்பில் இரண்டாம் இடம். வரும் வழியில் எஞ்சின் சூடாகிவிட்டதால் விடியும்வரை ரோட்டோரம் நிறுத்திவைத்திருந்தோம். சாந்தாமணியோடு பேச்சு இல்லை.

அக்டோபர் 14, திங்கள்

நேற்று எழுதியதில் எஞ்சின் சங்கதி பொய். சாட்சிக்காக எழுதுகிற டைரியில் பொய் எழுதினால் எப்படி? நடந்ததை எழுதுகிறேன்.

மொத்தம் இருபத்தாறு வண்டி. முதல் சுற்றிலேயே மூன்று வண்டி உருண்டது. எங்களுக்கும் நல்ல அடி. இரண்டாம் சுற்றில் ஒரு வேலிக்கம்பம் என் பக்கத்துக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்தக் கம்பத்தை நான் பார்க்கவே இல்லை, அவள் "நடுவுல வா, நடுவுல வா" என்று கத்தியதால் கதவு தப்பியது. பல்பு அதே அழுமூஞ்சிப் பல்புதான். ஆனால் மூன்றாம் சுற்று! முன்னால் போன வண்டி கிளப்பிய புழுதி காற்று இல்லாமல் அப்படியே நின்றது. எவனுக்கும் எதுவும் தெரியவில்லை. எல்லோரும் காலை எடுத்துவிட்டார்கள். நான் எடுக்கவில்லை. அவள் குரல் காதில் இருந்தது. வலது மூணு, கல் வெளியே, இருநூறு, மிதி, மிதி, இடது ரெண்டு. அந்தச் சுற்றில் இருபத்தாறு வண்டியில் நாங்கள்தான் வேகம். நவநீதனை விடப் பதினோரு செகண்ட் முன்னால். கடைசிக் கணக்கில் அவன் முதல், நான் இரண்டு, வித்தியாசம் நாலு செகண்ட். யாருக்குமே கண் தெரியாத இடத்தில் நான்தான் ராஜா என்று கிளப் செகரெட்டரியிடம் சொல்லிச் சிரித்தேன். சாந்தாமணி சிரிக்கவில்லை.

கோப்பையை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது மணி ஒன்றரை. ஆரோக்கியம் டயர், ஜாக்கியெல்லாம் ஏற்றிய வேனில் முன்னால் போய்விட்டான். போகும் முன் என்னிடம் வந்து, "வேன்ல வந்துருங்ணா, வண்டிய நான் ஓட்டிட்டு வந்தர்றேன்" என்றான். போடா என்றேன். பதினேழு தடவை ஜெயித்தாலும் தோற்றாலும் என் வண்டியை நான்தான் வீட்டுக்கு ஓட்டி வந்திருக்கிறேன்.

"என்னா நிலா பாருங்க, பகலாட்ட" என்றாள் சாந்தாமணி. மறுநாள் பௌர்ணமி. நிமிர்ந்து பார்த்தேன், நிலா இருந்தது. வெளிச்சம்தான் இல்லை.

ரோட்டில் ஏறியதும் அவள் மடியில் பேனா டார்ச்சை வைத்துக்கொண்டு பச்சை நோட்டைத் திறந்தாள். "வேகத்தடை, அறுபது மீட்டர். அப்பறம் இடது அஞ்சு, ஓரத்துல புளியமரம்." முதலில் பழக்கதோஷம் என்று சிரித்தேன். அவள் நிறுத்தவில்லை. பாலம், சோளக்காடு, பள்ளிக்கூடம், வலப்பக்கம் பள்ளம். பத்து கிலோமீட்டர் பொறுத்துப் பார்த்தேன்.

"போட்டி முடிஞ்சுது புள்ள. எனக்குக் கண் இருக்குது. மூடி வை."

மூடினாள். டார்ச்சையும் அணைத்தாள்.

மூன்று கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். "நிறுத்து!" என்று ஒரு அலறல். நான் என்ன ஏது என்று நினைப்பதற்குள் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டாள். பக்கத்தில் உட்காருகிறவர் ஹேண்ட்பிரேக்கைத் தொடக் கூடாது. இது எங்கள் ஆட்டத்தில் எழுதாத சட்டம். தொட்டால், நீ ஓட்ட லாயக்கில்லை என்று ஊர் முன்னால் சொன்ன மாதிரி. வண்டி பின்பக்கம் வெட்டி, குறுக்கே நின்று எஞ்சின் அணைந்தது. ரோட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை. நான் பார்த்தேன், யாருமே இல்லை.

அவள் சாவியைப் பிடுங்கி, ஹெட்லைட்டை அணைத்துவிட்டு இறங்கினாள். இடப்பக்கம் நின்று யாரிடமோ மெதுவாகப் பேசினாள். அந்த நேரத்தில் போனில் யாரிடம் பேச்சு? நவநீதனிடம்தான் இருக்கும். என் கதவுப் பக்கம் ஏதோ சரசரவென்று சத்தம் கேட்டுத் திரும்பினேன், கும்மிருட்டு. அவள் திரும்பி வந்து உட்கார்ந்து சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு, "விடியட்டும்" என்றாள். விடியும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

இன்று வண்டியைக் கழுவும்போது முன் டயரில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. இதுவும் விசாரிக்க வேண்டியது.

அக்டோபர் 17, வியாழன்

திருப்பூர் போகவில்லை. பஸ் ஏறி அந்த இடத்துக்குப் போனேன். ரோட்டில் யாரும் இல்லை என்பதைப் பகல் வெளிச்சத்தில் நிரூபித்து, அவள் முன்னால் வைக்க வேண்டும் என்றுதான் போனேன்.

டயர் தேய்த்த கறுப்புக் கோடு ரோட்டில் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு டீக்கடை. சனிக்கிழமை ராத்திரி இங்கே ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். கடைக்காரர் பலகைக்கு அடியிலிருந்து சோறு கொண்டுபோகிற தூக்குப்போசி ஒன்றை எடுத்து வைத்தார். தோசை மாதிரி நசுங்கியிருந்தது. "காத்தாடிக் காட்டு வாட்ச்மேன் சின்னானோடதுங்க. வண்டி ஏறிப் போச்சு. ஆளு மயிரிழையில தப்பிச்சான். தா, அவனே வர்றான் பாருங்க."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்க, நீங்கதானுங்களே அது! அம்மா நல்லா இருக்கறாங்களா?"

நான் நசுங்கிய போசியைப் பார்த்தேன்.

"சோத்துப்போசி போனாப் போகுதுங்க. ஒரு முழம் தள்ளி இருந்தா நான் போயிருப்பனுங்க. அம்மா எறங்கி வந்து என்ர ரெண்டு கையையும் புடிச்சுட்டு அழுதாங்க. அப்பறம் நான் உங்க பக்கம் வந்தனுங்க, நிறுத்துனதுக்கு ஒரு கும்பிடு போடலாம்னு. கதவோரமா நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன். நிலா வெளிச்சம் பகலாட்ட அடிக்குது. நீங்க நேரா என்ர மொகத்தவே பாத்துட்டு இருந்தீங்க. ஒரு வார்த்தை பேசலைங்களே. கோவமாக்கும்னு நெனச்சுப் போயிட்டனுங்க."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவையாக. வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு, ஒரு வார வெள்ளைத் தாடி. இத்தனை தெளிவான முகம். ஒரு கை நீளத்தில் நின்றிருக்கிறது.

அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். சுல்தான்பேட்டையில் இறங்கி மாறும்போது மைல்கல்லைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். ராலி மைதானத்திலிருந்து என் வீடு நாற்பத்தாறு கிலோமீட்டர்.

அக்டோபர் 18, வெள்ளி

அவளிடம் பச்சை நோட்டைக் கேட்டேன். எடுத்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முழு நோட்டும் மைதானத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழி. மூன்று வியாழன் ஆரோக்கியத்தைக் கூட்டிக்கொண்டு போய் எழுதியிருக்கிறாள். முதல் வாரம் எழுதியதை அடுத்த வாரம் அடித்துத் திருத்தி, மூன்றாம் வாரம் சிவப்பு மையில் இருட்டிய பிறகு எது தெரியாது என்று குறித்திருக்கிறாள். தெருவிளக்கு இல்லாத இடம். சைக்கிள்காரர்கள் குறுக்கே வரும் இடம். நம்ம ஆட்டத்தில் வீட்டு வழிக்கு நோட்டு எழுதிய பைத்தியக்காரி இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வண்டியை விட்டு இறங்குங்கள் என்று என்னிடம் சொல்ல முடியாது, சொன்னால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பேன் என்று தெரிந்தவள் வேறென்ன செய்வாள்?

கடைசிப் பக்கம்:

"நம்ம வீதி. வலது ஒண்ணு. சாக்கடை மூடி ஒடஞ்சிருக்கு.
கேட். தூண் குறுகல்.
வாசல். படி மூணு. ஸ்டூலை உள்ளே போட்டாச்சு.
கோவிச்சுக்குவாரு. சொல்லிட்டே இரு."

அடுப்படிக்குப் போய் நின்றேன். எனக்கு இருட்டினால் கண் தெரியவில்லை, இரண்டு வருஷமாகவே தெரியவில்லை, பயமாக இருக்கிறது என்று சொன்னேன். இந்த டைரியில்கூட எழுதாததை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் தோசைக்கரண்டியைப் பிடித்தபடியே அழுதாள். தோசை கருகிவிட்டது. கருகியதையே தின்றேன்.

அக்டோபர் 19, சனி

கண் ஆஸ்பத்திரி. மாமனுக்கு வந்ததேதான். பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறதாம், நேர்ப்பார்வை மட்டும் இருப்பதால் எழுத்துப் பலகையில் தப்பித்திருக்கிறேன். இரவில் மட்டுமல்ல, பகலிலும் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். சரி என்றேன். வண்டியை ஆரோக்கியம் ஓட்டினான். நான் பின்சீட்டில். "அந்தப் பல்புல ஒண்ணும் கொறையில்லடா" என்றேன். "எனக்குத் தெரியுமுங்ணா" என்றான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

அக்டோபர் 20, ஞாயிறு

காலையில் பொள்ளாச்சிக்கு நானே போன் போட்டேன்.

"நவநீதா, டிசம்பர் ராலிக்கு நோட்டுப் படிக்க ஆள் வேணும்னியே."

"அது போன வருசம் வெளையாட்டுக்குச் சொன்னதுங்ணா" என்றான், பயந்துபோய்.

"நான் வெளையாட்டுக்குச் சொல்லலப்பா. அவங்க சொன்னா சொன்னதுதான். கண்ணை மூடிட்டுத் திருப்பு. எதுத்துப் பேசாதே. நோட்டை மூடி வைன்னு மட்டும் எந்தக் காலத்துலயும் சொல்லிப்போடாதே."

திரும்பினால் சாந்தாமணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "யாரக் கேட்டு என்னய வாக்குக் குடுத்தீங்க? நான் என்ன உங்க பட்டறை கப்ளிங்கா, லோடு ஏத்தி அனுப்பறதுக்கு?" சாயங்காலம்வரை முகம் கொடுக்கவில்லை. பாத்திரங்கள் சத்தமாக விழுந்தன.

விளக்கு வைத்த பிறகு காபி கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்து டம்ளரைக் கைக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டிசம்பர்ல எந்தத் தேதிங்க பாதை சுத்திக் காட்டறாங்க?"

"பதிமூணு."

"அன்னிக்கு நீங்களும் வாங்க. பின்னாடி உக்காந்துட்டு வரலாம்."

இப்போதுதான் ஆரோக்கியத்தைக் கூட்டிக்கொண்டு புது நோட்டு வாங்கக் கடைவீதிக்குப் போயிருக்கிறாள். போய் ஒரு மணி நேரம் ஆகிறது.

வீட்டு வண்டி: பார்க்கவில்லை.